ஒரே தைப்பூசம், மூன்று அரசுகள்: பொது விடுமுறை எங்கிருந்து வருகிறது?

2021 ஜனவரி முதல் வாரம். கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. 5ஆம் தேதி முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்: தைப்பூசம் இனி பொது விடுமுறை, அந்த ஆண்டு ஜனவரி 28 முதலே. மறுநாள் காலை ஷிப்ட் ஆட்கள் கார்டு போட வந்தபோது ஜன்னலில் முதல் தலை நீண்டது.

"ஏனுங்க, இருபத்தெட்டாந் தேதி நமக்கும் லீவுங்களா?"

எனக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர். சிவகாசியில் எப்போதோ அச்சாகி வந்தது. அதில் 28ஆம் தேதித் தாள் கருப்பு மையில்தான் இருந்தது. கீழே பொடி எழுத்தில் 'தைப்பூசம்' என்று மட்டும். சிவப்பாக மாறுவதற்கு அந்தத் தாளுக்கு நேரமில்லை. "பார்த்துச் சொல்றேனுங்க" என்றேன். பதில் எனக்குத் தெரியும். இல்லை என்பதுதான் பதில். முதல்வரே அறிவித்த பிறகும் எப்படி இல்லை என்பதை ஜன்னல் வழியாகச் சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

தமிழ்நாட்டில் ஒரு நாளைப் பொது விடுமுறை ஆக்குவதற்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை. 'விடுமுறைச் சட்டம்' என்ற பெயரில் தேடிப் பார்த்தால் கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறையிலிருந்து, பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில், அடுத்த ஆண்டுக்கான பட்டியலோடு ஓர் அரசாணை வரும். அந்த அரசாணை எதன் பலத்தில் நிற்கிறது என்று பார்த்தால், 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டம். புரோநோட்டு, உண்டியல் (கோவில் உண்டியல் அல்ல, வியாபாரிகள் எழுதும் பணச் சீட்டு), காசோலை ஆகியவற்றுக்கான சட்டம் அது. அதன் 25ஆவது பிரிவு சொல்வது ஒரே விஷயம்தான்: புரோநோட்டின் முதிர்வு நாள் ஒரு பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அப்படியென்றால் பொது விடுமுறை எது என்று யாராவது கேட்பார்களே, அதற்காக அடியில் ஒரு விளக்கம்: ஞாயிற்றுக்கிழமைகளும், அரசிதழில் மத்திய அரசு அறிவிக்கும் மற்ற நாட்களும். அந்த அதிகாரத்தை மாநிலங்களும் பயன்படுத்தலாம் என்று 1957 ஜூன் 8 தேதியிட்ட உள்துறை அறிவிக்கை ஒன்று சொல்கிறது. தமிழ்நாட்டு அரசாணைகள் இன்றும் அந்த அறிவிக்கையை மேற்கோள் காட்டித்தான் ஆரம்பிக்கின்றன.

பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், தீபாவளி எல்லாமே ஒரு கடன் சட்டத்தின் விளக்கக் குறிப்பில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது அந்த விளக்கத்தின் பழைய வடிவம். வெள்ளைக்காரன் எழுதியபோது அதில் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி மூன்றும் பெயரோடு இருந்தன. முதல் இரண்டும் ஞாயிறில் வந்தால் அடுத்த திங்களும் விடுமுறை என்றும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையும் அதோடு சேர்ந்து போய்விட்டது. இன்று தமிழ்நாட்டில் பண்டிகை ஞாயிறில் வந்தால் போனது போனதுதான்.

இந்தப் பிரிவு நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு 2024 நல்ல உதாரணம். ஜனவரி 25 வியாழன் தைப்பூசம். 26 வெள்ளி குடியரசு நாள். 27 நான்காவது சனி. 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு இதே சட்டத்தின்படி விடுமுறை. 28 ஞாயிறு. ஒருவர் எழுதிக் கொடுத்த நோட்டு 28ஆம் தேதி முதிர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அது 24ஆம் தேதி புதன்கிழமையே முதிர்ந்துவிடும். கடன் வாங்கியவருக்கு நான்கு நாள் லாபம் என்று நினைத்தால் நான்கு நாள் நஷ்டம். கோர்ட்டில் இதற்கு நேர்மாறு. மனுப் போட வேண்டிய கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் நாளில் போட்டால் போதும் என்கிறது 1897ஆம் ஆண்டுப் பொதுக் கூறுகள் சட்டம். விடுமுறை வழக்காடுபவரை முன்னே தள்ளுகிறது, கடன்காரரைப் பின்னே இழுக்கிறது.

1881இல் இதற்கு அர்த்தம் இருந்தது. கடை மூடியிருந்தால் பணம் நகராது; ஆகவே எந்த நாளில் எல்லோரும் மூடுகிறார்கள் என்று வியாபாரிகளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இப்போது வங்கிவிட்டு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க ஓடுகின்றன. வங்கி மூடியிருக்கும் தைப்பூசத்தன்று காலையில் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கிவிட்டுக் கியூஆர் கோடில் பணம் கட்டுகிறோம். விடுமுறையின் சட்டக் காரணம் தேய்ந்துவிட்டது. விடுமுறை மட்டும் தங்கியிருக்கிறது.

சரி, அரசாணை யாரைக் கட்டுப்படுத்துகிறது? மாநில அரசு அலுவலகங்கள், அரசு நிறுவனங்கள், கழகங்கள், வாரியங்கள், வங்கிகள். அவ்வளவுதான். வங்கிகளுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாளென்று ஏப்ரல் 1 சேர்த்தி. 2024 பட்டியலில் இருந்த 24 நாட்களில் அதுவும் ஒன்று.

இதையெல்லாம் ஜன்னலில் நின்றவரிடம் சொன்னால் "அப்போ நாங்க யாருங்க?" என்று கேட்பார். கேட்டார்கள்.

மில் ஆட்களுக்கு வேறு சட்டம். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாட்கள் கட்டாயம். அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து அந்தச் சட்டத்துக்கான அரசு ஆய்வாளர் குறிப்பிடுவார். ஆக மொத்தம் ஒன்பது. தலைமைச் செயலகத்தில் பட்டியல் எத்தனை நீண்டாலும் இந்த ஒன்பது தானாகப் பத்து ஆகாது. அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. சட்டம் சொல்வது இவ்வளவே.

எங்கள் மில்லில் ஐந்து பண்டிகை நாட்களும் பல வருஷமாக மாறாதவை: பொங்கல், அதற்கு அடுத்த நாள், ஆயுத பூஜை, விஜயதசமி, தீபாவளி. டிசம்பர் கடைசியில் அந்தப் பட்டியல் தமிழில் தட்டச்சாகி, கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டுக்குள் போய்விடும். 2021க்கானது ஏற்கெனவே உள்ளே போய்ப் பூட்டியாகிவிட்டது. அறிவிப்பு வந்தது ஐந்தாம் தேதி.

ஆகவே ஜனவரி 28 அன்று எங்கள் ஊர் கருவூலம் மூடியிருந்தது, பள்ளிக்கூடம் கணக்கில் விடுமுறை, வங்கிக்கு விடுமுறை, மில் ஓடியது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வழக்கம்போல நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் லீவு எழுதாமல் போன வருஷமென்று ஒன்று கிடையாது. எனக்கு அதில் ஒரு வேடிக்கை தோன்றும். தைப்பூசத்துக்கு உண்மையிலேயே நடக்கிறவர்களில் மில் தொழிலாளி, விசைத்தறிக்காரர், விவசாயி இவர்கள்தான் அதிகம். விடுமுறை கிடைத்ததோ முன்பே ஆர்.எல். போட்டுவிட்டுப் போக வழியிருந்த அரசு ஊழியருக்கு. வரையறுக்கப்பட்ட விடுப்பு என்று ஆண்டுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் அந்த நீண்ட பட்டியலில் தைப்பூசம் அதற்கு முன்பே இருந்தது.

அந்த அறிவிப்பு ஏன் அந்த நேரத்தில் வந்தது என்பது ஊரறிந்த விஷயம். 2020 ஜூலையில் கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தியதாக ஒரு யூடியூப் சேனல் மீது பெரும் சர்ச்சை. நவம்பரில் பாஜகவின் மாநிலத் தலைவர் எல். முருகன் தலைமையில் வேல் யாத்திரை; அரசு அனுமதி மறுத்தது, அவர்கள் புறப்பட்டார்கள், கைதானார்கள், டிசம்பர் தொடக்கத்தில் திருச்செந்தூரில் முடித்தார்கள். நாம் தமிழர் கட்சி பல ஆண்டுகளாகவே தைப்பூசத்துக்கு விடுமுறை கேட்டுக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரல் 6இல் தேர்தல். ஜனவரி 23இல் மு.க. ஸ்டாலின் கையிலும் திருத்தணியில் ஒரு வேல் கொடுக்கப்பட்டது. முருகன் எல்லோருக்கும் வேண்டியவராக இருந்த பருவம் அது. முதல்வர் தரப்பில் சொன்ன காரணம் வேறு: இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ் போன்ற நாடுகளில் தமிழர்கள் தைப்பூசத்தைச் சிறப்பாகக் கொண்டாடுகிறார்கள், மக்களும் கேட்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துக்கொண்டு பழனிக்குப் போவதும், மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் இருப்பதும் கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் தேர்தல் கணக்கிலேயே எழுதிவிடவும் கூடாது.

அறிவிப்பில் சொன்ன நாடுகளின் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிங்கப்பூர் உறுத்தியது. அங்கே தைப்பூசம் விடுமுறை இல்லை. ஒருகாலத்தில் இருந்தது, 1968இல் எடுத்துவிட்டார்கள்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பி நிறையப் பேருக்குப் பிழைப்பு. புதிய முதலீட்டாளர்களை வரவழைக்க வேண்டும், உற்பத்தி நாட்கள் கூட வேண்டும் என்று விடுமுறைகளை வெட்டினார்கள். ஒவ்வொரு மதத்தாரும் எதையாவது விட்டார்கள். முஸ்லிம்கள் நபிகள் பிறந்த நாளை விட்டார்கள். கிறிஸ்தவர்கள் புனித வெள்ளியையும் கிறிஸ்துமஸையும் வைத்துக்கொண்டு ஈஸ்டரை ஒட்டிய நாளை விட்டார்கள். இந்துக்களுக்குத் தீபாவளியா தைப்பூசமா என்று கேள்வி வந்தது. தீபாவளி நின்றது. இன்றுவரை அங்கே ஆண்டுக்கு 11 நாட்கள். அவை சட்டத்தின் அட்டவணையில் எழுதப்பட்டவை; ஞாயிறில் வந்தால் திங்கள் விடுமுறை என்பதும் சட்டத்திலேயே உண்டு. தொழிலாளியா குமாஸ்தாவா என்ற பேதமும் பெரிதாக இல்லை. வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிற எல்லோருக்கும் அந்தப் 11 நாள் சம்பளத்தோடு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குக் காவடி எடுப்பவர்கள் இப்போதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள், எங்கள் மில் ஆட்களைப் போலவே. 2015இல் தைப்பூச ஊர்வலத்தில் ஒரு கைகலப்பு நடந்து, மறுபடி விடுமுறை வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. ஒன்றைக் கூட்டினால் மற்ற சமூகங்களும் தாங்கள் விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் என்பதே அரசின் பதிலாக இருந்தது. எழுதிவைத்த அட்டவணையில் ஒரு வரியைச் சேர்ப்பது அவ்வளவு கடினம். அங்கே சும்மா சேர்க்கவும் முடியாது, சும்மா நீக்கவும் முடியாது.

மலேசியா இன்னொரு வகை. அங்கே 1951ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் இருக்கிறது, ஆனால் மாநிலங்கள் தங்கள் பங்குக்கு அரசிதழில் நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பினாங்கிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் தைப்பூசம் விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் 2008 ஜனவரியில்தான் கிடைத்தது. பிரதமர் அப்துல்லா படாவி அறிவித்தார், மார்ச்சில் பொதுத்தேர்தல். (தைப்பூசம் தையில் வருகிறது, தேர்தல்கள் மாசி பங்குனியில் வருகின்றன. பஞ்சாங்கப் பொருத்தம் அப்படி.) கெடா மாநிலத்தில் அது நிரந்தர விடுமுறை அல்ல, மாநில அரசு ஆண்டுதோறும் தனியாக அறிவிக்கும் சிறப்பு விடுமுறை. 2021 ஜனவரி 28, அதே தைப்பூசம், கெடா முதலமைச்சர் சனுசி அந்த ஆண்டு விடுமுறை கிடையாது என்றார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, கொண்டாட்டமே நடக்கப்போவதில்லை, அப்புறம் விடுமுறை எதற்கு என்பது அவர் வாதம். மலேசிய இந்தியத் தலைவர்கள் கொதித்தார்கள்.

ஒரே மாதம். ஒரே நாள். தமிழ்நாட்டில் ஓர் அறிவிப்பு கொடுத்தது. கெடாவில் ஓர் அறிவிப்பு எடுத்தது. எனக்கு இதில் கெடாக்காரர் மேல் கோபத்தைவிட, கொடுத்ததும் எடுத்ததும் ஒரே கருவிதான் என்பதே முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டிலும் தைப்பூசம் 'நிரந்தரமாக' விடுமுறை ஆகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அரசாணையில் மறுபடி எழுதப்படுவதால்தான் இருக்கிறது. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. வந்தவர்கள் அடுத்த பட்டியலிலும் அதை வைத்தார்கள், அதற்கடுத்ததிலும். வைக்காமல் விட்டிருந்தால் சட்டமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியம் இருந்திருக்காது. வழக்குப் போட்டாலும் பெரிதாக நடந்திருக்காது. தாத்ரா நாகர் ஹவேலியில் ஆகஸ்ட் 2 விடுதலை நாளைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு வழக்கு வந்தது. பொது விடுமுறை எவருக்கும் சட்ட உரிமை அல்ல என்று 2022 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த நாட்டில் விடுமுறைகள் ஏற்கெனவே அதிகம், குறைக்கும் நேரம் வந்திருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு நாளைப் பற்றிச் சட்டமே இயற்றியதும் உண்டு. 2008 ஜனவரியில் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று கருணாநிதி அரசு சட்டம் கொண்டுவந்தது. 2011 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதை ரத்து செய்தது. இத்தனை பெரிய சண்டையிலும் அந்த மூன்றாண்டில் ஒரு விடுமுறைகூடக் கூடவோ குறையவோ இல்லை. தை முதல் நாள் பொங்கலுக்காக ஏற்கெனவே சிவப்பு. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளும்கூட. பெயரை மாற்றச் சட்டம் வேண்டியிருந்தது. விடுமுறை கொடுக்க அரசாணையே போதும்.

உள்ளூர் விடுமுறை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் இந்த 1881 எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று புரியும். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போதும், தஞ்சையில் ராஜராஜ சோழனின் சதய விழாவின்போதும் மாவட்ட ஆட்சியர் விடுமுறை விடுவார். செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தி எப்போதும் ஒன்றே: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படவில்லை, ஆகவே கருவூலங்கள் குறைந்தபட்சப் பணியாளர்களோடு இயங்கும். கூடவே, ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலை நாள் என்ற வரி. பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சனிக்கிழமையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் மில் கதைக்கு வருகிறேன். 2021 முழுக்கப் பேச்சு நடந்தது. பட்டியலில் பத்தாவதாக ஒரு நாளைச் சேர்க்க நிர்வாகம் ஒப்பவில்லை. சட்டம் ஒன்பதோடு நிற்கிறது என்றார்கள். ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எதை எடுப்பது? பொங்கலிலும் தீபாவளியிலும் கை வைக்க முடியாது. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைக்காமல் மறுநாள் ஒருத்தரும் ஸ்விட்ச் போட மாட்டார்கள். மிஞ்சியது விஜயதசமி. பெரியவர் ஒருவர், ரிங் ஃப்ரேமில் முப்பது வருஷம் நின்றவர், "சாமி கும்பிட்ட மறுநாள் மில்லுக்கு வந்தா தப்பில்லீங்க, காவடி எடுக்கற அன்னிக்கு வர்றதுதான் தப்பு" என்றார். முடிந்தது. டிசம்பரில் ஒப்பமிட்டு, ஆய்வாளருக்கு அனுப்பி, 2022 பட்டியலில் விஜயதசமி இருந்த இடத்தில் தைப்பூசம் ஏறியது. கண்ணாடிக்குள் வைத்தது நான்தான்.

2022 தைப்பூசம் ஜனவரி 18. கொரோனா மூன்றாம் அலை. ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு உத்தரவு. விடுமுறை இருந்தது, கோவில் மூடியிருந்தது. கெடாவில் முந்தின வருஷம் சொன்ன காரணம் இங்கேயும் அப்படியே பொருந்தியிருக்கும். யாரும் சொல்லவில்லை, நல்லவேளை. பாதயாத்திரைக்காரர்கள் முன்கூட்டியே கிளம்பியிருந்தார்கள். அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்த அக்டோபரில் விஜயதசமிக்கு எல்லோரும் வேலைக்கு வந்தார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

2022 டிசம்பரில் அடுத்த பட்டியலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். புது காலண்டரில் தைப்பூசத் தாளைத் தேடினேன். பிப்ரவரி 5, பளிச்சென்று சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மில்லுக்கு வார ஓய்வே ஞாயிறுதான். சங்கத்துக்காரர்களிடம் காட்டினேன். அந்தப் பெரியவர் தாளைத் தூக்கிப் பின்பக்கம் ஒரு தடவை பார்த்தார், முன்பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"விஜயதசமியையே போட்டுருங்க" என்றார்.